விளையாட்டும் வினைச்சொல்லும்

தமிழில் 'விளையாட்டு' என்னும் சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் அவ்வளவு உயர்ந்ததன்று. பொறுப்பில்லாதவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்கிறோம். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க மனமில்லாதபோது 'விளையாட்டாகச் சொன்னேன்' என்கிறோம். கேடு விளைந்தால் 'விளையாட்டு வினையாயிற்று' என்று வருந்துகிறோம். நம் பள்ளிகளிலும் இதே மனப்பாங்கைக் காணலாம். ஆங்கிலப் பாடமோ கணக்குப் பாடமோ முடியவில்லை என்றால், ஆசிரியர் முதலில் கேட்டு வாங்குவது பி.டி. பீரியடைத்தான். உடற்கல்வி ஆசிரியரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. பிள்ளைகள் மட்டும் வெறுமையாய்க் கிடக்கும் மைதானத்தைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு இலக்கணம் கேட்பார்கள்.

இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றும் கல்விமுறை ஒன்று உண்டு. அதில் ஆங்கில வகுப்பே மைதானத்திற்குச் செல்கிறது. விளையாட்டு மாணவர்களுக்கு டென்னிஸ் ஆட்டத்தின் வழியாக ஆங்கிலம் கற்பிப்பது அம்முறையின் ஒரு வகை. மட்டையைப் பிடிப்பது, பந்தை அடிப்பது, புள்ளிகளை எண்ணுவது ஆகிய அனைத்தையும் ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் சொல்லி, ஆட்டத்தையும் மொழியையும் ஒருங்கே பயில்வது அதன் நோக்கம். அது எவ்வளவு பயன் தரும் என்பதை ஆசிரியர்கள் ஆராயட்டும். அது அறத்திற்கு ஏற்றதா, எந்த நிலையில் ஏற்றது என்பது பெற்றோரும் பொதுநிலையினரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய வினா. கொல்லிமலைப் பிள்ளைகளை மனத்தில் நிறுத்தி அவ்வினாவை இங்கே எழுப்புகிறோம்.

மலைப் பிள்ளையின் இரண்டு படிகள்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் பல நாடுகளாகப் பகுத்து வழங்கப்படும் இம்மலையின் பழங்குடி மக்கள் 'மலையாளி' என்று அழைக்கப்படுகின்றனர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் பேசுவது தமிழே. ஆயினும் சாமையும் மரவள்ளியும் மிளகும் விளையும் காடுகளில் வழங்கும் அவர்களது தமிழ் வேறு, பாடநூலின் தமிழ் வேறு. அங்கே பிறந்த பிள்ளை ஆங்கிலத்தை அடையுமுன்பே ஒரு மொழிப்படியை ஏறியாக வேண்டும். சமவெளிப் பிள்ளைக்கு ஒரு படி என்றால் மலைப் பிள்ளைக்கு இரண்டு.

அத்தகைய பிள்ளை ஒருவர் ஓட்டத்திலோ கபடியிலோ திறமை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவட்ட அளவில் வெல்கிறார். சமவெளியில் உள்ள விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கிறது. அதுவரை அவருடைய கால்களே அவருக்காகப் பேசின. இனி அவரே பேச வேண்டும். போட்டி விதிகள் ஆங்கிலத்தில் உள்ளன. வெளிமாநில முகாமில் பயிற்சியாளர் ஆங்கிலம் பேசுகிறார். வலிக்குத் தரப்படும் மாத்திரையின் அட்டையிலும் ஆங்கிலமே. ஆடும் காலம் முடிந்தபின் உடற்கல்வி ஆசிரியராக விரும்பிப் பி.பி.எட். படிக்கச் சென்றால், எலும்புக்கும் தசைக்கும் ஆங்கிலப் பெயர்கள் காத்திருக்கின்றன. ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாள்முதல், இத்துறையின் அறிவு நம்மிடம் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அது முழுவதும் தமிழில் கிடைக்கும் காலம் வர வேண்டும் என்றே விரும்புகிறோம். ஆயினும் அக்காலம் வரும்வரை இன்றைய மாணவரைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

கயிற்றுக்கு மேலும் கீழும்

ஆங்கிலம் வேண்டும் என்றால் டென்னிஸ் எதற்கு? இவ்வாட்டத்தில் பேச்சு ஆட்டத்தின் பகுதியாகவே இருக்கிறது என்பதே முதன்மையான காரணம். நடுவர் இல்லாத ஆட்டத்தில், பந்தை முதலில் அடிப்பவர் ஒவ்வொரு முறையும் புள்ளிக் கணக்கை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். வாய் திறவாமல் முழு ஆட்டத்தையும் ஆடி முடிக்க முடியாது. கூச்சத்தால் வகுப்பில் தலை கவிழ்ந்திருக்கும் மாணவியும் இங்கே 'ஃபிஃப்டீன் லவ்' என்று எதிர்ப்பக்கத்திற்குக் கேட்கும்படி சொல்லியாக வேண்டும்.

அடுத்து, சொல்லும் செயலும் இங்கே ஒட்டியே இருக்கின்றன. தமிழில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னே வேற்றுமை உருபு வருகிறது. ஆங்கிலத்திலோ 'ஓவர்', 'அண்டர்', 'இன்ட்டு', 'பிகைண்ட்' போன்ற சிறு சொற்கள் பெயருக்கு முன்னே நிற்கின்றன. நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தடுமாறும் இடம் இது. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கிடையே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால், பந்து அதற்கு மேலே போனதா, கீழே போனதா, கோட்டின்மேல் விழுந்ததா, கோட்டிற்குப் பின்னே விழுந்ததா என்பதைக் கண்ணே கற்பித்துவிடும். கையில் உள்ள பந்து, பறக்கின்ற பந்து, விழுந்துவிட்ட பந்து என மூன்று காலங்களும் சில நொடிகளில் கடந்து போகும். 'விளையாட்டு வினையாயிற்று' என்ற பழஞ்சொல் இங்கே நல்ல பொருள் பெறுகிறது: விளையாட்டு வினைச்சொல்லாகிறது.

இவ்வாட்டத்தின் சொற்களுக்கும் வரலாறு உண்டு. பிரெஞ்சுத் துறவு மடங்களின் முற்றங்களில் உள்ளங்கையால் பந்தடித்து ஆடிய ஆட்டமே இதன் மூதாதை என்பது வரலாற்று அறிஞர் பலரது கருத்து. 'இதோ, பிடித்துக்கொள்ளும்' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'டென்னிஸ்' என்ற பெயர் வந்தது என்பர். இன்றைய புல்தரை ஆட்டத்திற்கு 1874-இல் வால்ட்டர் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் காப்புரிமை பெற்றார். 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது. சுழியத்தை 'லவ்' என்று சொல்லும்போது வகுப்பே சிரிக்கும். பந்தயப் பணம் ஏதுமின்றி அன்பிற்காகவே ஆடுவது என்ற பழைய வழக்கிலிருந்து அது வந்திருக்கலாம் என்று சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. ஒன்றும் பெறாதவனின் கணக்கிற்கு அன்பு என்று பெயர் வைத்திருப்பது, ஆங்கிலத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கூசி நிற்கும் பிள்ளைக்கு ஆறுதலாகவே இருக்கும்.

நம் மண்ணுக்கு இவ்வாட்டம் அயலானதும் அன்று. நாகர்கோவிலில் 1937-இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை முன்னேறினார். இலயோலாக் கல்லூரியை நிறுவிய இயேசு சபைத் துறவி பெர்ட்ராமின் பெயரால் சென்னையில் நடைபெற்ற கல்லூரி மாணவர் போட்டியில், பள்ளிச் சிறுவராக இருந்தபோதே தனி அனுமதி பெற்று ஆடி, 1951-இல் அவர் வென்றதும் நினைவுகூரத் தக்கது. அச்சிறுவருக்குக் கதவைத் திறந்துவிட ஒரு கல்லூரி முன்வந்தது.

அச்சமும் ஆர்வமும்

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் எடுத்துரைக்கும் நூலின் முதற்பகுதியில், தாம் இரு மொழிகள் கற்ற கதையைச் சொல்கிறார். இலத்தீனை அவர் செவிலியரின் கொஞ்சல்களுக்கும் வேடிக்கைப் பேச்சுக்கும் நடுவே, அடிக்கு அஞ்சாமல் கற்றார். மனத்தில் இருந்ததைச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பே அவருக்கு ஆசிரியராயிற்று. கிரேக்கத்தையோ தண்டனைக்கு அஞ்சிக் கற்றார். ஆகவே அதை வெறுத்தார். மொழியைக் கற்பதற்கு அச்சத்தின் கட்டாயத்தைவிடத் தடையற்ற ஆர்வமே வலிமை மிக்கது என்பது அவர் கண்ட முடிவு. அதே நூலில், பந்து விளையாடியதற்காக ஆசிரியரிடம் தாம் அடிபட்டதையும் குறிப்பிடுகிறார். அடித்த ஆசிரியர், சிறு வாதம் ஒன்றில் சக ஆசிரியரிடம் தோற்றபோது, பந்தாட்டத்தில் தோற்ற சிறுவனைவிட அதிகமாகப் பொறாமையால் வெந்தாராம். பெரியவர்கள் தங்கள் விளையாட்டிற்கு 'அலுவல்' என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்ற அவரது குறும்பான கண்டனம், பி.டி. பீரியடைப் பறித்துக்கொள்ளும் நமக்கும் பொருந்தும்.

விளையாட்டு ஓர் அறநெறிக்கு உட்பட்ட நற்செயல் என்பதைப் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் நிறுவுகிறார். நாணேற்றியே வைத்திருக்கும் வில் முறிந்துவிடும், ஓய்வின்றி உழைக்கும் மனமும் அவ்வாறே என்னும் பழங்கதையை அதற்குச் சான்று காட்டுகிறார். வல்வில் ஓரி ஆண்ட மலையில், ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு விழா எடுக்கும் மக்களுக்கு, வில்லின் இவ்வுவமையை விளக்க வேண்டிய தேவையில்லை. ஆக, ஆர்வத்தோடு கற்பதும் நன்று, விளையாடுவதும் நன்று. இரண்டையும் சேர்த்தால் தடை என்ன? தடை சொன்ன ஒருவரைக் கேட்ட பின்னரே நாம் மேலே செல்ல வேண்டும். அவரும் ஒரு மலையின் பங்குத்தந்தை.

பார்பியானாவிலிருந்து ஒரு மறுப்பு

லொரென்சோ மிலானி என்னும் இத்தாலியக் குரு 1954-ஆம் ஆண்டின் இறுதியில் பிளாரன்சு மறைமாவட்டத்தின் பார்பியானா என்னும் மலைச்சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். நல்ல சாலையோ மின்சாரமோ இல்லாத அவ்வூரில், பள்ளிகள் கைவிட்ட குடியானவர்களின் பிள்ளைகளைத் தம் இல்லத்தில் கூட்டி, காலைமுதல் மாலைவரை கற்பித்தார். மனிதரைச் சமமாக்குவது மொழியே என்பது அவரது உறுதி: தன் கருத்தைச் சொல்லவும் பிறர் கருத்தைப் புரிந்துகொள்ளவும் வல்லவனே சமமானவன். அவர் 1967-இல் இறப்பதற்குச் சற்று முன்னர், அவருடைய மாணவர்கள் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை வெளியிட்டனர். தேர்வில் வெற்றி பெற்ற ஒரு மாணவனைப் பற்றி அதில் சொல்கிறார்கள். பன்மை விதிக்கு அடங்காத ஆந்தை, கூழாங்கல், விசிறி போன்ற சொற்களைப் பிரெஞ்சில் அவன் பிழையின்றி அறிவான். ஆனால் பிரான்சுக்குப் போனால் கழிப்பறை எங்கே என்று கேட்க அவனுக்குத் தெரியாது. 'ஆக்ஸ் – ஆக்ஸன், கூஸ் – கீஸ்' என்று மனப்பாடம் செய்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் வழிகேட்கத் தெரியாமல் நிற்கும் நம் பிள்ளைகளை இது நினைவூட்டவில்லையா?

இதே மிலானிதான் விளையாட்டை ஐயத்தோடு பார்த்தவர். 1958-இல் வெளியான தம் நூலில், இளைஞரை ஈர்ப்பதற்காகப் பங்குகள் விளையாட்டுக் கூடங்களை நடத்துவதைக் கடுமையாக மறுத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை ஒரு மாலையை ஆட்டத்தில் கழித்தாலும் அவனுக்கு வீட்டில் நூல்களும் பேச்சும் காத்திருக்கும். ஏழையின் பிள்ளை இழந்த மாலையோ மீளாது. மேலும், வேறொன்றிற்கு இழுப்பதற்காக விளையாட்டைக் காட்டுவது இளைஞரை மதிப்பதாகாது என்றும் அவர் கருதினார். அந்நூல் அன்று விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஆயினும் 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்கே சென்று மிலானியின் கல்லறையில் செபித்தார்.

இம்மறுப்பை எளிதாகத் தள்ள முடியாது. டென்னிஸ் களம் 78 அடி நீளமும், இரட்டையர் ஆட்டத்திற்கு 36 அடி அகலமும் உடையது. ஓடியாடச் சுற்றிலும் இன்னும் இடம் வேண்டும். மலைச்சரிவில் அவ்வளவு சமநிலம் என்றால் அது ஒரு குடும்பத்தின் விளைநிலமாக இருக்கும். மட்டையின் விலையும் சிறிதன்று. 'வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல' என்று ஒரு வழக்கு நம்மிடம் உண்டு. ஆங்கிலம் என்ற ஊசியை ஏற்றுவதற்கு ஆட்டம் ஒரு வாழைப்பழமா? அப்படியானால் நாம் மாணவரையும் ஏய்க்கிறோம், ஆட்டத்தையும் இழிவுபடுத்துகிறோம்.

இதற்கு விடை இவ்வாட்டத்தை யாருக்குக் கற்பிக்கிறோம் என்பதில் இருக்கிறது. விளையாட்டு மாணவருக்கு விளையாட்டு பொழுதுபோக்கு அன்று. அதுவே அவரது கல்வி, நாளை அவரது தொழில். தச்சுப் பட்டறையில் ஆங்கிலம் கற்கும் தச்சரைப் போல அவர் தம் தொழிலிடத்திலேயே கற்கிறார். களம் அமைக்க நிலமும் வேண்டியதில்லை. டென்னிஸ் பந்து கொல்லிமலைக்குப் புதிதும் அன்று; தெருக் கிரிக்கெட்டின் வழியாக டென்னிசுக்கு முன்பே தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் அது சென்று சேர்ந்துவிட்டது. ஒரு கயிறு, சுண்ணாம்புக் கோடு, பலகையில் செதுக்கிய மட்டை ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். பூப்பந்தும் வளையப்பந்தும் ஆடிப் பழகிய நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் முறையும் தெரிந்ததே.

ஏவல் வினை

இவற்றைவிட ஆழமான இடர் ஒன்று உண்டு. விளையாட்டுப் பயிற்சியின் மொழி பெரும்பாலும் ஏவல் மொழி. ஓடு, நில், அடி, திரும்பு, மறுபடியும் செய் என்று பயிற்சியாளர் சொல்ல மாணவர் செய்வார். மொழி கற்பித்தலிலும் இதற்கு ஆதரவு உண்டு. ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1960-களில் வகுத்த முறையில், ஆசிரியர் அயல்மொழியில் கட்டளையிட, மாணவர் வாய் திறவாமல் உடலால் அதை நிறைவேற்றிக் கற்கத் தொடங்குவர். தாயின் 'வா', 'இரு', 'எடு' ஆகிய சொற்களைக் குழந்தை முதலில் உடலால் புரிந்துகொள்வதைக் கண்டே அவர் இதை வகுத்தார். தொடக்கத்திற்கு இது நல்ல முறை.

ஆனால் குழந்தை ஏவல் கேட்பதோடு நின்றுவிடுவதில்லை. 'ஏன்?' என்று கேட்கிறது, 'மாட்டேன்' என்கிறது. அப்போதுதான் மொழி அதனுடையதாகிறது. நம் இலக்கணம் கட்டளைச் சொல்லை 'ஏவல் வினை' என்கிறது. நம் வழக்கு வேலைக்காரனை 'ஏவலாள்' என்கிறது. ஒருவருக்கு ஒரு மொழியின் ஏவல் வினைகளை மட்டும் கற்பித்தால், அவரை அம்மொழியின் ஏவலாளாகவே ஆக்குகிறோம்.

இது வெறும் கற்பனை அன்று. நம் நாட்டு டென்னிஸ் மன்றங்களில் பந்து பொறுக்கும் சிறுவர்களாக நுழைந்து, 'மார்க்கர்' என்னும் பணியாளர்களாகி, உறுப்பினர்களுக்கு ஆடிக் கொடுத்து வாழ்ந்த ஏழைகள் பலர். அவர்களுள் சிறந்த பயிற்சியாளர்களாக உயர்ந்தவர்களும் உண்டு. ஆட்டத்தின் ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் சொல்லறிவு மட்டுமே அவர்களை அம்மன்றத்தின் மேசையில் சமமாக அமர்த்திவிடவில்லை. கேட்டுச் செய்யும் சொற்களே அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டன. கொல்லிமலைப் பிள்ளைக்கு நாம் கொடுக்கப்போகும் ஆங்கிலம் அத்தகையதா என்பதே நம்மை உறுத்த வேண்டிய வினா.

மொழி கற்றலின் வேறொரு முகத்தையும் கொல்லிமலை கண்டிருக்கிறது. புரோட்டஸ்டாண்டு மறைப்பணியாளர்களான ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் ஆகிய ஆங்கிலேய இணையர் 1913-இல் மணமுடித்து இம்மலையில் குடியேறினர். மருத்துவமும் கல்வியும் கைத்தொழிலும் கற்றுத்தந்து வாழ்ந்த அவர்கள் முதலில் மாணவர்களாயினர், தமிழ் கற்றனர். ஜெசி 1929-இல் காய்ச்சலால் இறந்தார். எவலின் பணி ஓய்வு பெற்ற பின்னும் மலைக்கே திரும்பி, 1974-இல் தொண்ணூறு வயதைக் கடந்து மறையும்வரை மலைமக்களிடையே உழைத்தார். தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தால் வேலூரிலிருந்து உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட், 1914-இல் பிறந்து இம்மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன். மலைமக்களின் மொழியில் கேட்கவும் பதில் சொல்லவும் கற்றதாலேயே அக்குடும்பம் அங்கே வேரூன்றியது. மலைக்கு வந்தவர் மலையின் மொழியைக் கற்றார் என்றால், மலையிலிருந்து இறங்குபவரிடம் தம் மொழியைப் பற்றி வெட்கப்படும்படி எவரும் சொல்லலாகாது. டென்னிஸ் வகுப்பில் விதியை முதலில் தமிழில் விளக்குவதும், பிள்ளையின் மலைத்தமிழைக் கேட்டு எவரும் சிரியாதபடி காப்பதும் ஆசிரியரின் கடமைகளாகும்.

எல்லைக்கோடு

ஏவல் மொழியைக் கடக்கும் வழியை டென்னிஸ் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பு என்று நாம் கருதுவதும் அதுவே. நடுவர் இல்லாத ஆட்டத்தில், தன் பக்கத்தில் விழும் பந்து எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்பவர் அப்பக்கத்தில் ஆடுபவரே. வெளியே விழுந்தால் 'அவுட்' என்று எதிராளிக்குக் கேட்கும்படி உடனே சொல்ல வேண்டும். ஐயம் இருந்தால் பந்து உள்ளே விழுந்ததாகக் கொண்டு புள்ளியை எதிராளிக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். தனக்கு இழப்பு வரும் இடத்தில் தானே நடுவராய் நின்று உண்மை சொல்லும் பொறுப்பை ஒரு பதின்வயதுப் பிள்ளையிடம் இவ்வாட்டம் ஒப்படைக்கிறது.

விம்பிள்டனில் 2025-ஆம் ஆண்டுமுதல் எல்லைக்கோட்டு நடுவர்கள் இல்லை. மின்னணுக் கருவியே கோட்டைக் கண்காணித்துக் குரல் கொடுக்கிறது. பெரும்பணம் புழங்கும் இடத்தில் அது தேவையாக இருக்கலாம். கொல்லிமலையின் செம்மண் தரையில் அக்கருவி இல்லை. இல்லாதிருப்பது கல்விக்கு நன்று. அங்கே 'அவுட்' என்ற சொல்லைச் சொல்லப் பிள்ளையின் மனச்சான்று விழித்திருக்க வேண்டும். அச்சொல்லை ஏவலுக்குக் கீழ்ப்படிந்து சொல்ல இயலாது. பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஆசிரியரே எதிர்ப்பக்கம் நின்று ஆடினாலும் அவர் அடித்த பந்து வெளியே விழுந்தால் மாணவி அவரிடம் 'அவுட்' என்று சொல்ல வேண்டும். அவர் ஏற்க வேண்டும். நம் வகுப்பறைகளில் ஆசிரியரிடம் அவ்வாறு சொல்ல இடமே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இச்சிறு சொல்லின் எடை விளங்கும்.

மைதானத்திற்கு வெளியேதான் இச்சொல் பெரிதும் தேவைப்படுகிறது. ஊக்கமருந்துத் தடை விதிகளின்படி, விளையாட்டு வீரர் தம் உடலுக்குள் செல்லும் ஒவ்வொன்றுக்கும் தாமே பொறுப்பு. 'பயிற்சியாளர் கொடுத்தார், நான் அறியாமல் விழுங்கினேன்' என்று சொல்வதால் மட்டும் குற்றம் நீங்கிவிடுவதில்லை. 'விழுங்கு' என்ற ஆங்கில ஏவல் மட்டும் புரிந்து, 'இதில் என்ன இருக்கிறது?' என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாத பிள்ளையின் எதிர்காலம் ஒரு மாத்திரையில் முடிந்துவிடலாம். வீட்டிலிருந்து தொலைவில், மொழி புரியாத முகாமில், அதிகாரம் உள்ள ஒருவரின் கை எல்லை மீறும்போது, 'வேண்டாம், நிறுத்துங்கள்' என்று உரத்துச் சொல்லவும், நடந்ததைப் பொறுப்பானவரிடம் தெளிவாக எடுத்துரைக்கவும் ஒரு பெண்பிள்ளைக்கு மொழி வேண்டும். களத்தில் மட்டுமன்றி உடலுக்கும் மனத்திற்கும் எல்லைக்கோடுகள் உண்டு. அவற்றை யார் கடந்தாலும் சொல்லும் உரிமை அவளுடையது.

ஆகவே நம் வினாவிற்கு இவ்வாறு விடை கூறுவோம். டென்னிஸ் வழியாக ஆங்கிலம் கற்பிப்பது, மாணவரை ஏவலிலிருந்து வினாவுக்கும், வினாவிலிருந்து தீர்ப்புக்கும் அழைத்துச் செல்லுமானால் அறத்திற்கு ஏற்றது. ஓடச் சொன்னதும் ஓடவும், அடிக்கச் சொன்னதும் அடிக்கவும் மட்டுமே அது பழக்குமானால், இனிப்புத் தடவிய அடிமைக் கல்வியே ஆகும். இரண்டிற்கும் கயிறு ஒன்றே, பந்து ஒன்றே. வேறுபாடு ஆசிரியரின் நெஞ்சில் இருக்கிறது. மிலானி இன்று இருந்தால், கயிற்றை அவிழ்க்கச் சொல்லுமுன் அங்கே பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று சற்று நின்று கேட்டிருப்பார் என்றே நம்புகிறோம்.

இதில் பொதுநிலையினராகிய நமக்கும் பங்கு உண்டு. எருசலேமில் அமைதி திரும்பும் நாளைக் காட்ட விரும்பிய செக்கரியா இறைவாக்கினர், வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுவதை அதன் அடையாளமாகக் கண்டார். நம் பங்கின் விளையாட்டு விழாவில் கோப்பை வழங்குவதோடு நின்றுவிடாமல், வென்ற பிள்ளை எந்தப் படிவத்தில் கையெழுத்திடுகிறது, எந்த மருந்தை உட்கொள்கிறது, எந்த முகாமுக்குப் போகிறது என்று கேட்பவர்களாவோம். ஆங்கிலம் அறிந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலையேனும் மைதானத்திற்குச் சென்று அப்பிள்ளைகளோடு பேசலாம். பேச்சில் இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும். அது நாளடைவில் திருந்தும். சுண்ணாம்புக் கோட்டின் அருகே நிற்கும் மலைச்சிறுமி பெரியவர் ஒருவரை நிமிர்ந்து பார்த்து, 'இட் வாஸ் அவுட், சார். ஐ சா இட்' என்று குரல் நடுங்காமல் சொல்லும்போது, அவள் சொன்னதை ஏற்றுப் புள்ளியை அவளுக்கு விட்டுக்கொடுக்க நாம் அணியமாக இருக்க வேண்டும்.